வானம் பார்க்கும் இரவு, கிளிநொச்சி: மகளின் கேள்விக்குப் பதில் கிடைத்த இடம்

ஆடி அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், சனிக்கிழமை இரவு, மகளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு குளக்கட்டடியில் நடக்கும் வானம் பார்க்கும் இரவுக்குப் போய் வந்தேன். அதற்குப் பிறகு ஐந்தாறு பேர், எப்படி இருந்தது, கொடுத்த காசுக்குப் பெறுமதியா, பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். போகலாம். ஏ/எல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் போங்கள். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன், ஆனால் அங்கே கிடைத்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே இன்னொரு தரம் போவேன்.

நடத்துபவர் ஓய்வுபெற்ற ஒரு பௌதிகவியல் ஆசிரியர், எங்கள் எல்லாருக்கும் "சேர்". அவரிடம் முன்பு படித்த நான்கு பெடியன்கள் உதவிக்கு நிற்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தடவை, நிலவு இல்லாத சனிக்கிழமையில், மாரி தொடங்கும் வரைதான். பெரியவர்களுக்கு 1,500 ரூபா, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 700. எழுபது வயது தாண்டியவர்களுக்குக் காசில்லை என்று அப்பாவிடம் வாங்கவில்லை. பிளேன்டீ, அவித்த கடலை, இரவுக்கு இடியப்பமும் சொதியும் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒவ்வொரு மாதமும் ஒரு தலைப்பு வைக்கிறார்கள், இந்த மாதத் தலைப்பு கருந்துளையில் இருந்து ஒளி ஏன் வெளியே வர முடியாது என்பது. கருந்துளை என்றால், பெரும் திணிவு மிகச் சின்ன இடத்துக்குள் நெரிந்து அடங்கிய ஒன்று. அதைப் பார்த்துத்தான் நான் இடம் பதிந்தேன்.

மகள் கணிதப் பிரிவு. இரண்டு மூன்று மாதமாக அவளிடம் ஒரே கேள்வி. "அம்மா, ஒளிக்குத் திணிவே இல்லை எண்டுதானே படிக்கிறம், திணிவு இல்லாத ஒண்டை ஈர்ப்பு எப்பிடிப் பிடிச்சு வைக்கும்?" ரியூசனில் கேட்டாளாம், சோதினைக்கு வராத கேள்வி என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்களாம். கைபேசியில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே வரி: கருந்துளையின் ஈர்ப்பு அவ்வளவு பலமானது, ஒளிகூடத் தப்ப முடியாது. இதைப் பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் இதற்குள் பதிலும் இல்லை. ஏன் பசிக்கிறது என்று கேட்டால் பசி கூடிவிட்டது என்று சொல்வது போல. எவ்வளவு பலம் என்று பிள்ளை கேட்கவில்லை, எப்படி என்றுதான் கேட்டாள்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஆறரைக்கு என்று சொல்லி ஏழேகாலுக்குத்தான் தொடங்கினார்கள். முதல் அரை மணித்தியாலம் பெடியன்களில் ஒருவர் திரையில் படங்கள் காட்டினார். ஜெனரேட்டர் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, சோளகக் காற்றுக்குத் திரை ஆடிக்கொண்டே இருந்தது. அதைவிடப் பெரிய குறை அந்த வீடியோ. கருந்துளை ஒன்று தூரத்தில் போகிற கோள்களையும் விண்மீன்களையும் எட்டிப் பிடித்து உறிஞ்சி விழுங்குகிற மாதிரி. அது பிழை. பிறகு சேர் எழுந்து வந்து திருத்தினார்: சூரியனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதே திணிவுள்ள கருந்துளையை வைத்தால், பூமி இப்போது சுற்றுகிற பாதையிலேயே தொடர்ந்து சுற்றும், எங்களுக்கு இருட்டும் குளிரும் வரும், அவ்வளவுதான், யாரும் உறிஞ்சப்பட மாட்டோம். நல்ல திருத்தம்தான், ஆனால் நேரத்தோடு வந்த சின்னப் பிள்ளைகளுக்கு மனதில் நின்றது அந்த வீடியோவாகத்தான் இருக்கும். அந்தப் பகுதியை அப்படியே எடுத்துவிடலாம், ஒரு நட்டமும் இல்லை.

சரி, இனி நல்ல பகுதி.

சேர் பேசத் தொடங்கும் முன் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். கைபேசிகளைப் பைக்குள் வைக்கச் சொன்னார். பிறை எப்போதோ மறைந்துவிட்டிருந்தது. பத்து நிமிடம் யாரும் கதைக்கவில்லை, கண் இருட்டுக்குப் பழகப் பழக வானத்தில் ஆட்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். தெற்கே விருச்சிகத்தின் வால், அதற்குப் பக்கத்தில் தனு, இரண்டுக்கும் நடுவால் பால்வீதி எழும்பித் தலைக்கு மேலால் வடக்குப் பக்கம் போகிறது. நான் தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்தவள். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், இந்த வானம் எங்களுக்கு ஒவ்வொரு இரவும் இருந்தது. ஆனால் அண்ணாந்து பார்த்தது பெரும்பாலும் கிபிர் குண்டுவீச்சு விமானம் வருகிறதா என்றுதான். அதே வானத்தை, ஒரு பயமும் இல்லாமல், ஒரு பக்கம் அப்பாவும் மறுபக்கம் மகளும் இருக்கப் பாயில் சாய்ந்து பார்த்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் காசு வாங்கியிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

சேர் ஒரு கல்லை எடுத்து மேலே எறிந்தார், அது இருட்டில் எங்கேயோ விழுந்த சத்தம் கேட்டது. இன்னும் வேகமாக எறிந்தால் இன்னும் உயரப் போய் விழும். காற்றை மறந்துவிட்டு, செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தால் திரும்பி வராது. பூமியின் தப்பல் வேகம் அது, பிள்ளைகள் எல்லாரும் படித்தது. சூரியனின் மேற்பரப்பில் இருந்து என்றால் 618 கிலோமீற்றர் வேண்டும். ஒளியின் வேகம் செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றருக்குச் சற்றே குறைவு. அப்படியானால் தப்பல் வேகம் ஒளியின் வேகத்தையே மிஞ்சுகிற ஒரு பொருள் இருந்தால்? 1783இல் இங்கிலாந்தில் ஜோன் மிச்சல் என்ற பாதிரியார் இதைத்தான் கேட்டிருக்கிறார். சூரியனின் அடர்த்தியோடு, ஆனால் விட்டத்தில் 500 மடங்கு பெரிதாக ஒரு விண்மீன் இருந்தால் அதன் ஒளி எங்களிடம் வந்து சேராது என்று கணக்கும் போட்டிருக்கிறார். பிரான்சில் லப்பிளாஸ் 1796இல் இதே எண்ணத்தை எழுதினார். பெருப்பிக்காமல் நெரித்தாலும் அதே கதைதான்: சூரியன் முழுவதையும் 3 கிலோமீற்றர் அரைவிட்டத்துக்குள் அடக்க வேண்டும், அதாவது இந்த அந்தத்தில் கிளிநொச்சி நகரம், அந்த அந்தத்தில் பரந்தன் சந்தி, கிட்டத்தட்ட அவ்வளவுதான் இடம். பூமியை என்றால் 9 மில்லிமீற்றர். பெடியன்கள் விளையாடுகிற போளைக்குள் மலையும் கடலும் நாங்களும்.

வழக்கமான விளக்கங்கள் இந்த இடத்தில் முடிந்துவிடும். சேர் இந்த இடத்தில் இருந்துதான் தொடங்கினார். மிச்சலின் விண்மீனில் ஒளி அந்தக் கல்லு மாதிரி. கிளம்பும், மேலே போகும், வேகம் குறையும், நிற்கும், திரும்பி விழும். அப்படியென்றால் அதற்குக் கொஞ்சம் கிட்டப் போய் நின்றால் மேலே வருகிற ஒளி கண்ணில் படும். இன்னொன்று, தப்பல் வேகம் என்பது எறிந்துவிட்டுக் கைவிட்ட கல்லுக்குத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிற ரொக்கெற்றுக்கு அந்த வேகம் தேவையில்லை, எரிபொருள் இருக்கும் வரை மாட்டுவண்டி வேகத்தில்கூட ஏறிப் போகலாம். ஆகவே மிச்சல் சொன்ன இருண்ட விண்மீனில் இருந்து மெல்ல மெல்ல வெளியே வந்துவிடலாம். உண்மையான கருந்துளையில் இருந்து அப்படி வர முடியாது. எவ்வளவு எரிபொருள் இருந்தாலும், எவ்வளவு பெரிய எஞ்சின் என்றாலும். அங்கே ஒளி ஏறிப் போய் விழுவதில்லை, ஏறுவதே இல்லை. "அப்ப இது பலத்தின்ர கதை இல்லைப் பிள்ளையள், வேற கதை" என்றார்.

எல்லாரும் பேசாமல் இருந்தோம். அப்போது அப்பா வாய் திறந்தார். எழுபத்து நான்கு வயது, வாழ்நாள் முழுக்க வயல், எல்லாம் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லு. "தம்பி, இது வான் பாயிற மாதிரியோ?" என்று கேட்டார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் வான் என்றால் ஆகாயம் மட்டும் இல்லை, குளம் நிரம்பி வழிகிற இடமும் வான்தான். சேர் தான் சொல்ல வந்ததை நிறுத்திவிட்டு, "ஐயா, அதைக் கொஞ்சம் வடிவாச் சொல்லுங்கோ" என்றார். அப்பா சொன்னார்: குளத்து நடுவில் தண்ணீர் அசையாமல் கிடக்கும், விரால் நினைத்த பக்கம் போகும். வான் பாயத் தொடங்கினால் வானடிக்குக் கிட்டக் கிட்டத் தண்ணீர் இழுக்கும். தள்ளி நிற்கிற மீன் எதிர்த்து நீந்தித் தப்பிவிடும். ஓர் இடம் இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் அது குளத்துப் பக்கம் தலையை வைத்து நீந்திக்கொண்டே பின்பக்கமாக வானுக்குள் போகும். நீந்துவதை அது நிறுத்தவில்லை, ஆனாலும் போகும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து எங்கள் ஊர்கள் வெள்ளத்தில் கிடந்தபோது அந்தத் தண்ணீரின் இழுவையைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் படம் கீறிக் காட்டத் தேவையில்லை.

சேரின் முகம் இருட்டில் தெரியவில்லை, ஆனால் குரல் மாறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் பேசியது முழுக்க அப்பாவின் வானை வைத்துத்தான். மீன்தான் ஒளி. தண்ணீர் வெளி. வெளி என்றால் பொருட்கள் இருக்கிற இடம், அந்த இடமே. ஐன்ஸ்டைன் 1915இல் சொன்னது, ஈர்ப்பு என்பது கயிறு கட்டி இழுக்கிற மாதிரியான விசை இல்லை, வெளியும் நேரமும் சேர்ந்த ஒன்றைத் திணிவு வளைக்கிறது, அந்த வளைவின் வழியேதான் எல்லாம் போகின்றன. ஒரு பொருளுக்குத் திணிவு இருக்கிறதா இல்லையா என்று தண்ணீர் கேட்பதில்லை, அதற்குள் இருந்தால் அதோடு போக வேண்டியதுதான். ஒளியும் போகும். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது ஆங்கிலேய வானியலாளர் எடிங்டனும் மற்ற ஆட்களும் ஆபிரிக்காப் பக்கத்துப் பிரின்சிப்பே தீவிலும் பிரேசிலின் சொப்ராலிலும் இருந்து எடுத்த படங்களில் சூரியனுக்குப் பக்கத்தால் வந்த விண்மீன் ஒளி வளைந்திருந்தது. மகள் என் கையைப் பிடித்து அமத்தினாள். திணிவு இல்லாததை ஈர்ப்பு எப்படிப் பிடிக்கும் என்ற கேள்விக்கு அதுதான் பதில், மூன்று மாதத்துக்குப் பிறகு.

கருந்துளையைச் சுற்றி வெளி உள்நோக்கி ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம் என்றார் சேர். இது சும்மா கதை இல்லை, 1921இலும் 1922இலும் இரண்டு பேர் தனித்தனியே எழுதி வைத்த கணக்கு வடிவம் இருக்கிறது. ஒருவர் போல் பான்லவே, பிரான்சின் பிரதமராகவும் இருந்த கணிதர். மற்றவர் சுவீடனின் அல்வர் குல்ஸ்ட்ரான்ட், கண்ணுக்குள் ஒளி முறிவதை ஆராய்ந்து மருத்துவத்துக்கு நோபல் வாங்கியவர். அந்தக் கணக்கில் வெளியின் ஓட்ட வேகம் ஒவ்வொரு தூரத்திலும் அந்த இடத்துத் தப்பல் வேகமாகவே வருகிறது. ஓட்டம் ஒளியின் வேகத்தைத் தொடுகிற தூரம்தான் நிகழ்வெல்லை, அப்பா சொன்ன அந்த ஓர் இடம். மிச்சலின் பழைய கணக்கிலும் அதே தூரம் வந்ததற்குக் காரணமும் இப்போது விளங்கியது. விடை ஒன்று, காரணம் வேறு. சோதினையில் விடை சரியாக வந்தாலும் செய்கை பிழை என்றால் புள்ளி குறையும்தானே.

மகள் விடவில்லை. "சேர், ஒளியை விட வேகமா ஒண்டும் போகேலாது எண்டுதானே சொல்லுறது, பிறகு வெளி எப்பிடி அதை விட வேகமா ஓடும்?" நான் பயந்தேன், ரியூசனில் நடந்த மாதிரி ஆகிவிடுமோ என்று. சேர், "நல்ல கேள்வி, இரு" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அந்தக் கட்டுப்பாடு மீனுக்குத்தான், தண்ணீருக்கு இல்லை. வெளிக்குள் ஓடுகிற எதுவும் ஒளியை முந்த முடியாது. நீங்கள் ஒரு ரோச் லைற்றோடு கருந்துளைக்குள் விழுந்து கொண்டிருந்தால், எல்லையைத் தாண்டும்போதும் தாண்டிய பிறகும், உங்கள் ரோச்சில் இருந்து ஒளி உங்களை விட்டு அதே வேகத்தில்தான் விலகும். ஒளி களைப்பதில்லை, மெதுவாவதில்லை. எல்லையில் சுவரும் இல்லை, கதவும் இல்லை. மிகப் பெரிய கருந்துளை என்றால் தாண்டியதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 1958இல் டேவிட் பிங்கெல்ஸ்டைன் என்பவர் இதை ஒருவழி எல்லை என்று தெளிவாக எழுதிக் காட்டும் வரை பெரிய பெரிய ஆட்களே அந்த இடத்தில் ஏதோ உடைந்து போகிறது என்று நினைத்துக் குழம்பியிருந்தார்கள்.

பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர்க் கதை ஓரளவுக்குத்தான் போகும் என்று அவரே சொன்னார், அதை நான் பாராட்டுகிறேன், நல்ல உவமை கிடைத்தால் அதிலேயே சவாரி விடுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் ஓடுவது வெளி மட்டும் இல்லை, நேரமும் சேர்ந்து திரும்பிவிடுகிறது. வெளியே நாங்கள் இடம் பக்கமோ வலம் பக்கமோ முன்னுக்கோ பின்னுக்கோ போகலாம், ஆனால் நாளைக்குப் போகாமல் இருக்க முடியாது. எல்லைக்குள்ளே உள்நோக்கிப் போவது அந்த நாளை மாதிரி. கருந்துளையின் நடு என்பது அங்கே உங்களுக்கு முன்னால் இருக்கிற ஓர் இடம் இல்லை, உங்களுக்கு வரப்போகிற ஒரு நேரம். "நாளைக்கு வரப்போற விடியலுக்கு எந்தப் பக்கம் ஓடித் தப்புவியள்?" என்று கேட்டார். ஒளி ஏன் தப்ப முடியாது என்றால், தப்புகிற திசை என்று ஒன்று அங்கே இல்லை. உள்ளே ஒரு மின்னல் வெட்டினால் வெளிப்பக்கமாகப் புறப்பட்ட ஒளிகூட நடுவை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். 1965இல் ரொஜர் பென்ரோஸ் இதையே ஆதாரமாக வைத்து, விண்மீன் உருண்டையாக இல்லாமல் கோணல்மாணலாக இடிந்தாலும் இந்த முடிவுதான் என்று நிறுவினார், 2020இல் நோபல் கொடுத்தார்கள்.

அதுவரை சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த கூட்டம் அந்தக் கேள்விக்குப் பிறகு அடங்கிவிட்டது. முப்பது பேர் இருந்திருப்போம். குளத்தில் தவளைச் சத்தம் மட்டும்.

வெளியே நிற்கிறவருக்கு என்ன தெரியும் என்பதையும் சொன்னார். எல்லைக்குச் சற்று வெளியே இருந்து ஒளி வரும், ஆனால் ஏறி வருவதற்குள் சக்தியை இழக்கும். கல் ஏறும்போது வேகத்தை இழக்கும், ஒளி நிறத்தை இழக்கும், நீலம் சிவப்பாகி, சிவப்பு கண்ணுக்குத் தெரியாத அலையாகி, இழுபட்டு இழுபட்டு மங்கிவிடும். விழுகிறவரின் மணிக்கூடு எங்களுக்கு மெதுவாக ஓடுகிற மாதிரித் தெரியும். இது கருந்துளையில் மட்டும் நடப்பதில்லை. 1960இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா என்ற இரண்டு பேர் 22.5 மீற்றர் உயரத்தில், நன்றாக வளர்ந்த ஒரு பனையின் உயரம் என்று வையுங்கள், அந்த மாற்றத்தை அளந்து காட்டினார்கள். எங்கள் கைபேசிக்கு வழிகாட்டுகிற செய்மதிகளின் மணிக்கூடுகள் உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோசெக்கன் முந்தி, வேகத்தால் 7 பிந்தி, கூட்டிக் கழித்து 38 முந்துகின்றன. 38 மைக்ரோசெக்கனில் ஒளி 11 கிலோமீற்றர் ஓடிவிடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஏ9 வீதியில் போகிறவருக்கு வரைபடம் காட்டுக்குள் வழி சொல்லும். கைபேசியை எல்லாரும் பைக்குள் வைத்திருந்ததால் அந்த இடத்தில் எடுத்துப் பார்க்க முடியவில்லை, பெடியன் ஒருவன் தடவிப் பார்த்தான்.

இடியப்பம் நன்றாக இருந்தது, சொதி ஆறிவிட்டது. அதோடு அதை முடிக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு தொலைகாட்டி. எட்டு அங்குலக் கண்ணாடி, குழாய் ஒரு பெரிய தண்ணீர்ப் பைப் மாதிரி நீளம், பலகைப் பெட்டியில் வைத்துக் கையால் திருப்புகிறார்கள். வரிசையில் நின்றுதான் பார்க்க வேண்டும், ஆளுக்கு அரை நிமிடம். முதலில் அல்பிரியோ என்ற விண்மீனைக் காட்டினார்கள், வெறும் கண்ணுக்கு ஒன்று, குழாய்க்குள் இரண்டு, ஒன்று மஞ்சள் மற்றது நீலம், வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து நின்றார்கள். அதற்குப் பக்கத்தில், அதே அன்னப்பட்சி விண்மீன் கூட்டத்தில், அன்று இரவு நாங்கள் எல்லாம் வந்ததற்கான பொருள். பார்த்தால் ஒன்றுமே இல்லை, மங்கலான ஒரு புள்ளி, சுற்றி இருக்கிற மற்றப் புள்ளிகளில் இருந்து வித்தியாசம் தெரியாது. சேர் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் சொன்னார்: நீங்கள் பார்க்கிறது ஒரு நீல அரக்கன் விண்மீன், சூரியனைப் போல் ஏறத்தாழ 40 மடங்கு திணிவு. அது 5.6 நாளுக்கு ஒருமுறை எதையோ சுற்றி வருகிறது. அந்த எதையோ உங்களுக்குத் தெரியாது, எந்தத் தொலைகாட்டியில் பார்த்தாலும் தெரியாது, ஆனால் அதற்கு 21 சூரியன்களின் திணிவு. அதுதான் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை. 1964இல் ரொக்கெற்றில் அனுப்பிய கருவியில் அதைச் சுற்றி விழுகிற சூடான வாயுவின் எக்ஸ்-கதிர்தான் முதலில் பிடிபட்டது. நாங்கள் பார்த்த ஒளி அங்கே இருந்து புறப்பட்டு 7,200 வருடம். சுழற்சியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதன் எல்லை 60 கிலோமீற்றர் அரைவிட்டம், கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போகிற தூரத்தை ஒட்டி. அவ்வளவு சின்ன இடம் அவ்வளவு பெரிய விண்மீனைச் சுற்ற வைக்கிறது. அப்பா கண்ணை எடுக்க மனமில்லாமல் நின்றார், பின்னுக்கு நின்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

பால்வீதியின் நடுவை விரலால்தான் காட்டினார், விருச்சிகத்தின் வாலுக்கும் தனுவுக்கும் இடையில். அங்கே 40 இலட்சம் சூரியன்களுக்கு மேல் திணிவுள்ள கருந்துளை, 27,000 ஒளியாண்டுக்குக் கிட்ட. நடுவில் தூசி மறைக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, வானொலி அலைக்குத் தெரியும். 2022 மே 12இல் அதன் படத்தை வெளியிட்டார்கள், அதற்கு முன் 2019 ஏப்ரல் 10இல் எம்87 விண்மீன் திரளின் நடுவில் இருப்பதன் படம். அந்தப் படத்தை அச்சடித்து, சிவப்புத் தாள் ஒட்டிய ரோச் வெளிச்சத்தில் காட்டினார்கள். வளையமாகத் தெரிவது கருந்துளை இல்லை, சுற்றியுள்ள வாயுவின் வளைந்து வந்த ஒளி, நடுவில் இருக்கிற இருட்டுத்தான் ஒளி திரும்பி வராத பக்கம்.

வரிசையில் காத்து நிற்கும்போது பெடியன்களில் ஒருவர் சொன்ன இரண்டு பேரின் கதையும் எனக்குப் பிடித்தது. கருந்துளைக்கான முதல் கணக்கை எழுதிய கார்ல் ஸ்வார்ஸ்சில்ட், 1915 கடைசியில் முதலாம் உலகப் போரில், ருசிய முனையில் பீரங்கிப் படையில் இருந்தபடி அதைச் செய்தவர், 1916 மே மாதம் நோயில் இறந்துவிட்டார். போருக்குள் இருந்து படித்தவர்கள் எங்களிலும் நிறையப் பேர், அந்தக் கதையை நான் கொஞ்சம் நேரம் நினைத்துக்கொண்டு நின்றேன். மற்றவர் எங்கள் மொழிக்காரர், சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கில், எரிந்து முடிந்த விண்மீன் ஒன்று ஓர் அளவுத் திணிவைத் தாண்டினால் வெண்குள்ளனாக, அதாவது சுருங்கி அடங்கிய சின்ன விண்மீனாக, நிலைக்க முடியாது என்று கண்டார், அந்த அளவு இன்றைய கணக்கில் சூரியனைப் போல் 1.4 மடங்கு. 1935இல் அதே எடிங்டன் வானியலாளர்களின் சபையில் வைத்து அதை மறுத்தார். 1983இல் நோபல் வந்தது. பத்தொன்பது வயது என்றதும் மகள் தன் வயதைக் கூட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். நுளம்பு மோசம், முழுக்கைச் சட்டை போடுங்கள். பத்து மணிக்கு மேல் குளிர் காற்று, வயதானவர்களுக்குச் சால்வை வேண்டும். ஒரே ஒரு மலசலகூடம், பக்கத்து வீட்டினுடையது, நூறு மீற்றர் நடக்க வேண்டும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது கஷ்டம், இதை நான் அவர்களிடம் நேரேயும் சொன்னேன். யானை நடமாட்டம் உள்ள பாதை, தனி மோட்டார் சைக்கிளில் வராதீர்கள், நாலைந்து குடும்பம் சேர்ந்து வாகனம் பிடித்து வாருங்கள், போகும்போது அவர்களே எல்லா வாகனங்களையும் ஒன்றாக அனுப்புகிறார்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பேச்சு நீளம், எங்களுக்குப் பக்கத்துப் பாயில் இரண்டு பிள்ளைகள் பாதியிலேயே நித்திரை.

புறப்படும்போது வாகனத்தில் ஒரு காலை வைத்தபடி மகள் திரும்பிப் போய் இன்னொன்று கேட்டாள். ஒளியே வெளியே வராவிட்டால், ஈர்ப்பு மட்டும் எப்படி வெளியே வந்து அந்த நீல விண்மீனைச் சுற்ற வைக்கிறது? சேர் கையில் இருந்த பாயைக் கீழே வைத்தார். பதினொரு மணி தாண்டிவிட்டது, ஆள் களைத்திருப்பார், ஆனாலும் நின்று சொன்னார். ஈர்ப்பு உள்ளே இருந்து புறப்பட்டு வரவில்லை. அந்த விண்மீன் இடிந்து விழும் முன்பே அதைச் சுற்றி வெளி வளைந்துதான் இருந்தது. திணிவு எல்லைக்குள் போன பிறகும் வெளியே இருக்கிற வளைவு அப்படியே நிற்கிறது, ஒவ்வொரு இடத்து வளைவையும் அதற்குப் பக்கத்து இடம் தாங்கிக்கொண்டு. உள்ளே இருந்து ஒரு செய்தியும் வரத் தேவையில்லை. "இதை நீ பல்கலைக்கழகத்தில சமன்பாட்டோட படிப்பாய், அப்ப எனக்கு வந்து சொல்லு" என்றார்.

அடுத்தது ஆவணி அமாவாசைக்குப் பிறகு வருகிற சனிக்கிழமை, தலைப்பு விண்மீன்களின் நிறம். அதற்குப் பிறகு ஒன்றோ இரண்டோ நடத்திவிட்டு மாரிக்கு நிறுத்திவிடுவார்கள், திரும்பத் தொடங்குவது பங்குனியில். முப்பது பேருக்கு மேல் எடுப்பதில்லை, ஆகவே முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் மூன்று பேருக்கும் இடம் பதிந்துவிட்டேன், அப்பா இந்த முறை தானும் காசு கொடுக்க வேண்டும் என்று நிற்கிறார்.